நெட்டைக் கால், குட்டைக் கால்

பறவை சாய்ந்தது.

முதலில் அலகு சேற்றைத் தொட்டது. பிறகு நெஞ்சு. பிறகு ஒரு பக்கத்துச் சிறகு.

குழந்தைகள் சிரித்தார்கள். சாதனா சிரிக்கவில்லை. பறவையை எடுத்து, சேற்றைத் துடைத்து, மறுபடி நிறுத்தினாள்.

மறுபடி சாய்ந்தது.

தை மாதப் பனி இன்னும் குளத்தைவிட்டுப் போகவில்லை. எதிர்க்கரையைக் காணோம். எங்கே தண்ணீர் முடிகிறது, எங்கே வானம் தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. நடுவில் எங்கோ ஒரு நீர்க்கோழி கூப்பிட்டது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று பதில் சொன்னது.

ஞாயிறு காலைகளில் கரையில் பாய் விரித்து சாதனாவின் அம்மா நடத்தும் வகுப்பு அது. இந்தக் குளத்தில் பிழைக்கக்கூடிய ஒரு பறவையைச் செய்ய வேண்டும். உடம்புக்குக் களிமண். காலுக்கு விளக்குமாற்றுக் குச்சி. தாம்பாளம் நிறைய குளத்துச் சேறு இருக்கிறது. அதில் நின்றால் பறவை பிழைத்துவிட்டது.

வர்ஷினி தன் பறவைக்கு, தாமரை இலைமேல் நடக்கும் இலைக்கோழி மாதிரி நீள நீளமாக விரல் வைத்திருந்தாள். அது ஜம்மென்று நின்றது.

அஸ்லம் நாலு கால் வைத்திருந்தான். இது பறவையா ஆடா என்று சாதனாவின் அம்மா கேட்டாள். விழுகாம நிக்குதில்லீங்க்கா என்றான். அதுவும் நியாயம்தான்.

சாதனாவின் பறவைக்கு இரண்டே கால்கள். ஒன்று நெட்டை. ஒன்று குட்டை.

சாதனாவுக்கு எட்டு வயது.

இன்று சாதனாவின் அப்பா தூத்துக்குடியிலிருந்து வருகிறார். இரண்டு வருடமாக அவர் அங்கே, இவர்கள் இங்கே. அடுத்த பள்ளி வருடம் முதல் யாரோடு இருப்பது என்று சாதனாவே சொல்லட்டும் என்று பெரியவர்கள் இருவரும் பேசி, அவளிடம் கேட்டும் வைத்திருந்தார்கள். சண்டை போடாமல் இப்படி ஒரு முடிவுக்கு வந்ததில் இருவருக்கும் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

பதில் தனக்குத்தான் சாதகமாக வரும் என்று அம்மா நம்பிக்கொண்டிருந்தாள். இந்தக் குளத்தை விட்டுவிட்டு எந்தக் குழந்தை போகும்? நத்தைகுத்தி நாரையின் அலகில் ஏன் இடைவெளி, முக்குளிப்பானின் கால் ஏன் அவ்வளவு பின்னால் என்று வாராவாரம் சொல்லிக்கொடுத்தாள். சொன்னது பறவைகளைப் பற்றித்தான். ஒவ்வொரு பறவையும் மகளிடம் இங்கேயே இருந்துவிடு என்று சொல்லாதா என்று உள்ளுக்குள் ஏங்கினாள்.

பறவை மூன்றாம் முறையும் சாய்ந்தது.

இரண்டு காலும் ஒரே அளவாக இருந்தால்தானே நிற்கும் என்று சொல்லி, அவள் கத்தரிக்கோலை எடுத்தாள். நெட்டைக் காலில் வைத்தாள்.

சாதனா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வெட்டாதீங்கம்மா. அது நம்ம குளத்துக் கால்."

அப்படியானால் குட்டைக் கால் எதற்கு என்று அவள் கேட்டாள். 

"அது அப்பா ஊரு மணலுக்கு. அங்க உப்புக்கொத்திக்கெல்லாம் கால் குட்டையாத்தான் இருக்கும். குடுகுடுன்னு ஓடும்."

ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள். சொல்லிவிட்டு அடுத்த சிறகுக்குக் கோடு கீறத் தொடங்கினாள்.

குட்டைக் காலைப் பிடுங்கிவிட்டு இன்னொரு நெட்டைக் குச்சி வைத்துவிட்டால் என்ன என்று ஒரு கணம் அம்மாவுக்குத் தோன்றியது. ஒரு குச்சிதான். யாரும் கேட்கப்போவதில்லை. அப்படித் தோன்றியதே அவளுக்குக் கசந்தது. கத்தரிக்கோலைப் பாய்க்கு அடியில் தள்ளிவிட்டாள்.

பறவையைச் சேற்றில் நிறுத்தி, சாயும் பக்கம் ஒரு விரலைக் கொடுத்தாள்.

நின்றது.

பிழைத்துவிட்டதாக அஸ்லம் தீர்ப்புச் சொன்னான். விரலை மட்டும் எடுத்துவிடக் கூடாதாம்.

வெயில் பனிக்குள் இறங்கியது. குளம் மெல்ல வெளுத்தது. கூழைக்கடா ஒன்று இறக்கையை அசைக்காமல் மிதந்து வந்து, சத்தமே இல்லாமல் தண்ணீரில் உட்கார்ந்தது. குழந்தைகள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். சாதனாவின் வாய் லேசாகத் திறந்திருந்தது. கன்னத்தில் களிமண். இந்த முகத்திடமா அந்தக் கேள்வியைக் கேட்டோம் என்று அம்மாவுக்கு வெட்கமாக இருந்தது.

எல்லோரும் கை கழுவப் படித்துறைக்கு ஓடினார்கள்.

அவள் மட்டும் விரலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

கரைமேல் பனிக்குள்ளிருந்து சாதனாவின் அப்பா வந்தார். தோளில் பை. ரயிலில் தூங்காத கண்கள். மகள் எங்கே என்று தேடினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, சொல்லிவிட்டாளா என்று கேட்டார்.

சொல்லிவிட்டாள் என்று தாம்பாளத்தைக் காட்டினாள். எந்தக் கால் எந்த ஊருக்கு என்று சொன்னாள்.

அவர் வெகு நேரம் குனிந்து பார்த்தார். அவள்தான் பேசினாள்.

"இனிமே அவளைக் கேக்க வேண்டாங்க. நாமதான் முடிவு பண்ணோணும்."

அதைச் சொல்லும்போது தான் எதைக் கையைவிட்டு நழுவ விடுகிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது. பயமாக இருந்தது. சொல்லாமல் இருந்திருந்தால் இன்னும் பயமாக இருந்திருக்கும்.

அவர் பையை இறக்கினார். பாயில் மண்டியிட்டார். பறவையின் மறுபக்கம் தானும் ஒரு விரலைக் கொடுத்தார்.

படித்துறையில் குழந்தைகள் தண்ணீரை வாரி இறைக்கும் சத்தம் கேட்டது. சாதனா எந்த நேரமும் ஓடி வந்துவிடுவாள்.



விரலை இருவரும் எடுக்கவில்லை.