ஜாமீன் கையெழுத்து

நீதிமன்ற அலுவலகத்தில் அந்த அம்மாள் நீட்டிய வீட்டுப் பத்திரத்தைக் குமாஸ்தா புரட்டிப் பார்த்தார்.

"ஜாமீன் கிடைச்சு ரெண்டு மாசமாச்சு. கையெழுத்துப் போட ஆளில்லாம அந்த லாரி டிரைவர் ஜெயில்லயே கெடக்கான். கூடப் பொறந்த அண்ணனே கையை விரிச்சுட்டாரு. நீங்க போடறேங்கறீங்க!"

"போடறேன்."

"நல்லா யோசிச்சுக்கங்கம்மா. ஒரு உயிர் போன கேஸ். அவன் வாய்தாவுக்கு வராம கம்பி நீட்டிட்டா, உங்க வீடு போயிடும்."

"ஓட மாட்டான்."

"எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?"

"அன்னிக்கு ரோட்டுல ஈ காக்கா இல்ல. அவன் நினைச்சிருந்தா தப்பிச்சுப் போயிருக்கலாம். ஆனா அடிபட்ட பொண்ணை லாரியிலேயே ஏத்திக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். சட்டையெல்லாம் ரத்தமா, போலீஸ் வர்ற வரைக்கும் வாசல்லயே நின்னான்."

குமாஸ்தா படிவத்தை நிரப்பத் தொடங்கினார்.

"அவனுக்கு நீங்க என்ன வேணும்? சித்தியா, அத்தையா?"

"உறவெல்லாம் இல்லீங்க."

"பின்னே?"

"அந்தப் பொண்ணோட அம்மா."

குமாஸ்தாவின் பேனா நின்றது. அவர் எழுந்து தன் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"உட்காருங்கம்மா. உங்களுக்கு எப்படி மனசு வந்தது?"

அவள் உட்காரவில்லை. மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"கடைசி வரைக்கும் எம்பொண்ணு கூட இருந்தது அவன் ஒருத்தன்தான். வழியில அவ ஏதாவது பேசினாளா, என்னைக் கேட்டாளான்னு அவன்கிட்ட கேக்கணும். ஜெயில் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்னு அதைக் கேக்க எனக்கு மனசு வரல."