பஞ்சைக் கடித்தபடி

மருந்துக்கடையின் கண்ணாடி மேசைமேல் வாய் கொப்பளிக்கும் நீலத் திரவம் மினுங்குகிறது. பல்லைப் பிடுங்கிக்கொண்ட கையோடு வந்தவள், பஞ்சைக் கடித்தபடி அந்தப் பாட்டிலை ஒற்றை விரலால் திருப்பித் தள்ளுகிறாள். "டாக்டர் எழுதினது எங்கயும் கிடைக்காதும்மா. எல்லாம் ஒண்ணுதான், பேசாம வாங்கிட்டுப் போ" என்று கடைக்காரர் மறுபடி நகர்த்துகிறார். பேசத்தான் முடியாதே! பாட்டிலைப் படமெடுத்து, 'இதுதான் இருக்காம்' என்று எழுதி பல் டாக்டரின் நர்ஸுக்கு அனுப்புகிறாள். உடனே போன் அடிக்கிறது. ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைக்கிறாள். "அக்கா, அது வாய் மணக்கத்தான். ஸ்பிரிட் கலந்தது, புண்ணுல பட்டா உயிர் போற மாதிரி எரியும். மருந்து கிடைக்கிற வரைக்கும், நாளையிலேர்ந்து வெதுவெதுப்பா உப்புத் தண்ணி போதும்." கடைக்காரர் காதைச் சொறிகிறார். பாட்டில் மீண்டும் அவர் பக்கம் நகர்கிறது, இந்த முறை விளிம்பு வரைக்கும். அவள் முகத்தில் மரத்துப்போன பாதி அசையவில்லை. மீதிப் பாதி சிரிக்கிறது.