தண்ணீர் காட்டாத புல்

அந்தப் பெண் வண்டியை விட்டு இறங்கியதுமே கஸ்தூரிரங்கன் புல்வெளி ஓரத்தில் போய் நின்றுகொண்டார்.

வாசல் புல் எப்படி இருக்க வேண்டும் என்பதுவரை விதி வைக்கும் குடியிருப்புச் சங்கத்து இன்ஸ்பெக்டர். கையில் டேப்லெட், முகத்தில் மருந்துக்கும் சிரிப்பு இல்லை.

அமெரிக்காவின் ஆலன் நகரில் இந்தத் தெரு முழுக்கப் பெர்முடா புல்தான். எவ்வளவு தண்ணீர் விட்டாலும் குடிக்கும். இவர் ஒருவர்தான் போன மே மாதம் அதைக் கிளறி எறிந்துவிட்டு, டெக்சஸ் மண்ணிலேயே பிறந்து வளர்ந்த பஃபலோ புல்லை முட்டி தேய நட்டார்.

வேர் பிடித்துவிட்டால் மழையே போதும். அதற்குமேல் தண்ணீர் காட்டினால் வந்தது வினை. மண்ணுக்குள் மிச்சமிருக்கும் பெர்முடா கிளம்பி வந்து மொத்தத்தையும் விழுங்கிவிடும்.

மனைவி விசாலாக்ஷியிடம் இதைப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார்.

அக்டோபர் குளிரில் அதன் சுபாவப்படி புல் பழுத்துப் படுத்தது. தமிழ்ச் சங்க நண்பர்கள் வைக்கோல் என்ன விலை என்று கேட்டார்கள். கூடவே குடியிருப்புச் சங்கத்துக் கடிதமும் வந்தது: ஏப்ரலுக்குள் பச்சை வராவிட்டால் எல்லாவற்றையும் பெயர்த்து எடுக்க வேண்டும்.

பச்சை வந்துவிட்டது. இரண்டு வாரமாகத் தினமும் பார்த்துப் பூரித்துப்போகிறார். ஆனாலும் இந்த இன்ஸ்பெக்டர் வாயால் கேட்கிறவரை உயிர் உடம்பில் தங்காது.

அவள் மூலை மூலையாக நடந்தாள். குனிந்து ஒரு கொடியை இழுத்துப் பார்த்தாள். டேப்லெட்டில் ஏதோ தட்டினாள்.

பாஸ் என்றாள். கடைசியில் பெர்முடாவுக்கே திரும்பியது நல்ல முடிவு என்று ஆங்கிலத்தில் பாராட்டிவிட்டு வண்டியேறிப் போய்விட்டாள்.

கஸ்தூரிரங்கன் மண்டியிட்டார். இங்கே விலக்கினார், அங்கே விலக்கினார். அவர் நட்ட புல்லில் ஒரு இழைகூட இல்லை.

விசாலாக்ஷி வாசலுக்கு ஓடிவந்தாள்.

“ஏன்னா, பாஸ் பண்ணிட்டாளா? இப்பச் சொல்றேன், கோச்சுக்கப்படாது. கோடை முழுக்க நீங்க ஆபீஸுக்கு drive பண்ணிண்டு போனதும் ஹோஸைப் பிடிச்சு நனைச்சுண்டே இருந்தேன். ஊர் கேலி பண்ணப்படாதே, நீங்க பட்ட பாடு கருகிடப்படாதேன்னுதான்.”

அவருக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. அழுகையும் வந்தது. நிமிர்ந்து பார்த்தார். அவள் கண்ணெல்லாம் சந்தோஷமாக இருந்தது.

“உன்னாலதான் பொழச்சுது, விசாலம்” என்றார்.