ஏழை அழுத்தவும்

“கேட்கிறதா... கேட்கிறதா...”

அந்தக் காலத்து ட்ரங்க் காலில், நாம் கேட்டதே ஒரு நொடி கழித்து நம் காதுக்குத் திரும்பி வரும். திருச்சியிலிருந்து அம்மா பதில் சொன்னாளா, நம் குரல்தான் திரும்பியதா என்று ராஜலக்ஷ்மி குழம்பி நிற்பாள்.

அதே குழப்பம் போன மாதம் ஒருநாள் காலை பதினோரு மணிக்கு மறுபடி வந்தது.

எதிர் ஃப்ளாட் மாலதிதான் ஆரம்பித்து வைத்தாள்.

“மாமி, மொட்டைமாடிப் படியில ஒரு பொண்ணு தினம் லேப்டாப்போட உக்காந்திருக்காளே, எதுக்குன்னு நினைச்சேள்? உங்க வைஃபைக்கு.”

“என் வைஃபை அவளுக்கு எப்படிக் கிடைக்கும்?”

“வாட்ச்மேனுக்கு பாஸ்வேர்டு குடுத்தேளே, வரவா போறவாளைப் பதியற கேட் ஆப்புக்குன்னு. லேபர் கேம்ப் குடிசைகள்ல அவன் பக்கத்து வீட்டுப் பொண்ணாம். ஹெட்ஃபோனை மாட்டிண்டு நாள் பூரா யார்கிட்டயோ குழையறா. பாய்ஃப்ரெண்டு ஒருத்தன் இல்லை போலிருக்கு, பத்துப் பேர்.”

ராஜலக்ஷ்மி கதவுத் துவாரத்தில் கண்ணை வைத்தாள். படியில் ஒரு ஜோடி செருப்பும் தண்ணீர் பாட்டிலும் தெரிந்தன. முகம் தெரியவில்லை.

நேரில் சண்டை போட வராது அவளுக்கு. வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பிராட்பேண்ட் கம்பெனிக்குச் செல்போனில் கூப்பிட்டாள்.

ஹிந்தி, மராத்தி, குஜராத்தி எல்லாம் வரிசையாகப் போயின. பிறகு ஒரு பதிவுக் குரல், “தமிழுக்கு ஏழை அழுத்தவும்” என்றது.

அழுத்தினாள்.

“வணக்கம், ஆனி பேசுறேன். என்ன ஹெல்ப் வேணும், மேடம்?”

வணக்கம் இரண்டு தடவை கேட்டது. முதலில் எங்கிருந்தோ மெல்லிசாக. அப்புறம் காதில்.

“லைன்ல எக்கோ அடிக்கறதேம்மா.”

“ஸாரி மேடம்.” குரல் தணிந்தது. “சொல்லுங்க.”

“என் வைஃபையை ஒரு பொண்ணு திருடிண்டிருக்கா. லேபர் கேம்ப்லேர்ந்து வரா.”

“உங்க அட்ரஸைப் பாத்துக்கிறேன் மேடம். மாட்டுங்கா...” ஆனி நிறுத்தினாள். “மூணாவது மாடியா, மேடம்?”

“ஆமாம்.”

ராஜலக்ஷ்மி செல்போனை மறு காதுக்கு மாற்றினாள்.

“ஹலோ, இருக்கியா?”

“இருக்கேன், மேடம்.”

“எனக்கு ஒண்ணு புரியலை. லேபர் கேம்ப்லயும் உங்க கம்பெனி லைன் இருக்கோல்லியோ?”

“இருக்கு மேடம். அதே பிளான்தான். உங்க வீட்டுல இருநூறு ஸ்பீடு வருது. அங்க நாலு வந்தா பெரிசு.”

“ஒரே ஊர். நடந்தா பதினஞ்சு நிமிஷம்.”

“பன்னெண்டு நிமிஷம், மேடம்.”

“அப்பறம் ஏன் இப்படி?”

“தெரியலை மேடம். யார் கேட்டாலும், சர்வே நடந்திட்டிருக்குன்னு சொல்லச் சொல்லியிருக்காங்க.”

“அந்த நாலை வெச்சிண்டு இருக்க வேண்டியதுதானே? சினிமா கொஞ்சம் நின்னு நின்னு ஓடும். அதுக்காக அடுத்தவா வாசல்ல வந்து உக்காரணுமா?”

“சினிமாவுக்கு நாலே போதும் மேடம். சில வேலைக்கு முப்பது இருக்கணும்னு ரூல்.”

இவள் யார் பக்கம் பேசுகிறாள் என்று ராஜலக்ஷ்மிக்கு விளங்கவில்லை. எக்கோ வேறு நிற்கவில்லை.

“நீ மாத்திக் குடுப்பியா, மாட்டியா?”

“கண்டிப்பா மாத்திடலாம் மேடம். லேப்டாப் பக்கத்துல இருக்கா?”

மகன் விட்டுப்போன பழைய லேப்டாப்பை ராஜலக்ஷ்மி திறந்தாள்.

“மேல மூணு கோடு இருக்கும், அதைத் தொடுங்க... அது பேட்டரி மேடம். இந்தப் பக்கம்... ஆங், அதேதான். அவசரமே இல்லை, நிதானமா பாருங்க.”

மூன்று தரம் தப்பாகப் போனாள். மூன்று தரமும் ஆனி முதலிலிருந்து சொல்லிக் கொடுத்தாள். ஒரு தடவைகூடக் குரலில் சலிப்பு இல்லை.

“இப்ப புதுசா ஒண்ணு டைப் பண்ணுங்க. பேரு, பொறந்த நாள் எல்லாம் வேண்டாம். யாராலயும் யூகிக்க முடியாததா இருக்கட்டும்.”

“சீட்டுல எழுதிக்கறேன். சரியா இருக்கான்னு பாரு, சொல்றேன்.”

“எங்கிட்டயும் சொல்லாதீங்க, மேடம்.”

ராஜலக்ஷ்மி எழுதினாள். டைப் செய்தாள்.

“ஸேவ் அழுத்தினா அந்தப் பொண்ணு போயிடுவாளா?”

“முதல்ல அவதான் போவா, மேடம்.”

“நீ எவ்வளவு பொறுமையா சொல்லிக் குடுக்கறே. அவளும் உன் வயசுதான் இருப்பா.”

“தேங்க்யூ மேடம். வேற ஏதாவது ஹெல்ப் வேணும்னா இப்பவே கேட்டுடுங்க. அழுத்தினப்புறம் நான் லைன்ல இருக்க மாட்டேன்.”

“ஏன்?”

“அப்படித்தான் மேடம். அழுத்துங்க.”

அழுத்தினாள்.

செல்போன் ஊமையாகிவிட்டது.

“மாறிடுச்சா, மேடம்?”

இந்தத் தடவை ஒரே ஒரு முறைதான் கேட்டது. கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

ராஜலக்ஷ்மி கதவைத் திறந்தாள். படியில் ஒரு பெண் எழுந்து நின்றாள். கழுத்தில் ஹெட்ஃபோன், கையில் மூடிய லேப்டாப்.

“மாறிடுத்து,” என்றாள் ராஜலக்ஷ்மி. புது பாஸ்வேர்டை அங்கேயே சொல்லிவிட நினைத்தாள். வாய் வரைக்கும் வந்தது, என்ன வைத்தோம் என்றுதான் ஞாபகம் வரவில்லை.

“இரும்மா, சீட்டுல எழுதியிருக்கேன். போயிடாதே.”

சீட்டு லேப்டாப்புக்கு அடியில் போயிருந்தது. தேடி எடுத்துக்கொண்டு வருவதற்குள் படி காலியாக இருந்தது.

அன்று மத்தியானம் ஒரு மெசேஜ் வந்தது. ஆனியின் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டிருந்தார்கள். ஐந்தும் போட்டாள்.

மறுநாள் சீட்டை எடுத்துக்கொண்டு கீழே போனாள். வாட்ச்மேன் கணேசபாண்டியன் கையை நீட்டவில்லை.

“அவளுக்கு வேல போயிட்டும்மா. ஒரு கஸ்டமர்ட்ட பேசிக்கிட்டிருக்கும்போதே லைன் கட்டாயிட்டாம். இந்த மாசத்துல இது மூணாவது மட்டமாம்.”

ஆனி இப்போது ரயிலில் ஒரு மணி நேரம் தள்ளி, கல்யாணில் ஒரு மருந்துக் கடையில் நிற்கிறாள்.