சிறுகண் வலை

விடியுமுன் அவன் பரிசலில் குனிந்து, அரசாங்க வலையில் சிக்கிய குஞ்சுமீன்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தான்.

உயிர் இருந்தவை நீருக்குள் நழுவின.

இல்லாதவற்றைக் கரையில் புதைக்க மடியில் கட்டிக்கொண்டான்.

அணையில் என்னென்ன மீன் இருக்கிறதென்று பார்க்க, மீன்வளத்துறையார் நேற்று மாலை அவனைக் கொண்டே விரித்த வலை அது. ஒரு பாதி பெருங்கண். மறுபாதி, விரல் நுழையாத சிறுகண்.

சிறுகண் வலை வைத்திருந்தான் என்று அவன் தம்பியின் வலையைப் போன ஆண்டு கரையில் போட்டு எரித்தவர்களும் அவர்களே.

பொடிமீன் அகப்பட்டால் பழி எந்தக் குடிசையைத் தேடி வரும் என்பது அவனுக்குத் தெரியும்.

வெயில் ஏறியதும் அதிகாரி அம்மையார் வந்தார். வலை கரையேறியது. பெருங்கண்ணில் கட்லாவும் ரோகுவும் துள்ளின.

சிறுகண்ணில் நூல் மட்டுமே இருந்தது.

"பாத்துக்குங்க மேடம். ஒரு பொடிசு இல்லீங்க. எங்க மேல குத்தமே சொல்ல முடியாதுங்க."

அம்மையாரின் முகம் வாடியது.

"பொடிசு இல்லைன்னா இங்க மீன் பெருகலைன்னு அர்த்தம்ங்க. மூணு வருஷத்துக்கு யாரும் வலை போடக் கூடாதுன்னுதான் இனி எழுதணும்."

அந்தக் கரையின் அடுப்புகள் எல்லாம் இந்தத் தண்ணீரால் எரிபவை.

குஞ்சைப் பிடிப்பவன் திருடன் என்று அவனுக்கு ஒலிபெருக்கி வைத்துச் சொன்னார்கள். குஞ்சைத் தேடித்தான் இந்த வலை என்று காதோடு சொல்லவும் ஒருவருக்கு வாய் வரவில்லை.

"இருந்துச்சுங்க மேடம்! நெறைய இருந்துச்சுங்க! நாந்தான் எடுத்து வுட்டுட்டேன்…"

அம்மையாரோடு வந்த காவலாளி சிரித்தான்.

"ஏப்பா, வலை போடக் கூடாதுன்னதும் பொடிசு மொளைச்சிருச்சாக்கும்?"

அவன் ஓடினான். கரைமணலில் மண்டியிட்டு, இரு கைகளாலும் தோண்டினான். காலையில் புதைத்ததை அள்ளிக்கொண்டு மூச்சிரைக்க ஓடி வந்தான். மணல் ஒட்டிய வெள்ளிக் குஞ்சுகள், கை நிறைய.

"இதா பாருங்க மேடம். இதா!"

அம்மையார் மீன்களைப் பார்த்தார்.

பிறகு, அவன் பரிசலில் சுருண்டு கிடந்த அவனுடைய வலையைப் பார்த்தார்.