முதல் கரண்டி

பதினெட்டுப் பெருநாள்களாகப் பக்கத்து வீட்டு ஜெஸீமா தேங்காய்ப்பால் இனிப்பான வட்டிலப்பத்தை அடுக்களை வழியாகத்தான் கொண்டுவருவாள். இந்த முறை முன்கதவைத் தட்டினாள். மங்களேஸ்வரி திறந்தபோது, கிண்ணத்தோடு ஒரு கரண்டியும் அவள் கையில் இருந்தது.

ஒரு மாதமாக ஊரில் அதே பேச்சு. முஸ்லிம்கள் தரும் சாப்பாட்டில் மருந்து கலக்கிறார்கள், கரு கலைந்துவிடும் என்று கோயிலடியில் சொன்னார்கள். பள்ளிவாசலடியிலும் அதே கதைதான். ஆட்கள் மட்டும் மாறியிருந்தார்கள். மங்களேஸ்வரி அதை நம்பவில்லை. நம்பியவர்களை வாய்க்கு வந்தபடி ஏசியும் இருந்தாள். ஏழு மாதக் கர்ப்பிணியான அவள் மகள் உள்ளே படுத்திருந்தாள்.

“ஏன் பிள்ள வாசல்லயே நிக்கிறாய்? உள்ளுக்கு வா.”

“இல்லக்கா. மக புள்ளத்தாச்சி. ஊருக்குள்ள கண்டதையும் கதைக்கிறாங்க. நான் முதல்ல சாப்பிடுறன், பாருங்க.”

ஜெஸீமா கிண்ணத்தின் நடுவிலிருந்து அள்ளித் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

இதென்ன விசர் வேலை என்று மங்களேஸ்வரி கத்தியிருக்க வேண்டும். கரண்டியைப் பிடுங்கித் தானும் தின்றிருக்க வேண்டும். ஆனால் அவள் கண்கள் ஜெஸீமாவின் தொண்டையில் நிலைத்திருந்தன. அது ஏறி இறங்கும்வரை காத்திருந்தன. அதை ஜெஸீமாவும் பார்த்துவிட்டாள்.

கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் இரண்டு வீட்டிலும் இல்லை. தைப்பொங்கலன்று மங்களேஸ்வரி அது நிறையப் பொங்கலை எடுத்துக்கொண்டு வேலிவரை போனாள். பிறகு திரும்பி வந்து, அடுக்களையில் ஒரு கரண்டியைத் தேடினாள்.