நிலாவை ஆட்டும் வாஷிங் மிஷின்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. சத்தமாகச் சொன்னால் காளிதாசன் காதில் விழுந்துவிடும், பாவம்.

பீடோங்கில் எங்கள் தாமான் குடியிருப்பில், அன்றைக்கும் சாயந்தரம் மக்ரிப் பாங்கு முடிந்ததும் காளிதாசன் பக்கத்து வீட்டு மதிலைத் தட்டினான்.

"புஷ்பவள்ளிக்கா, மிஷினை நிறுத்துங்க. நிலா ஆடுது."

"நிலா மேல இருக்கு. மிஷின் கீழ இருக்கு. எப்படித் தம்பி ஆடும்?"

"ஆடுதுக்கா. படத்துல ஒரு நிலா மூணு நிலாவா விழுது."

புஷ்பவள்ளி பகலில் கையுறைக் கம்பெனியில் வேலை பார்ப்பவள். சாயந்தரம் அலி பாய் சாப்பாட்டுக் கடையின் மேசைத்துணிகளைத் துவைத்துக் கொடுப்பாள். மிஷின் அரதப் பழசு. பிழியும்போது சத்தம் போட்டுக்கொண்டே கொஞ்சம் நடக்கும்.

"மிஷின் நின்னா என் அடுப்பும் நின்னுடும் தம்பி" என்றாள்.

காளிதாசன் கெட்டவன் இல்லை. ஆன்லைனில் மலிவாக ஒரு டெலஸ்கோப் வாங்கிவிட்டான், அவ்வளவுதான். குழாய் நல்ல குழாய். அதைத் தாங்குகிற ஸ்டேண்டுதான் ஈர்க்குச்சி.

அதை நிற்க வைக்க அவன் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஸ்டேண்டின் கால்களுக்குள் மணலைக் கொட்டி நிரப்பினான். நடுவில் அரிசிப் பையைத் தொங்கவிட்டான். மெர்போக்கில் மாமனார் தோட்டத்திலிருந்து ரப்பர் ஷீட் கொண்டுவந்து, வெட்டி, மூன்று காலுக்கும் செருப்புப் போட்டான்.

"சோறாக்க அரிசி கேட்டா, டெலஸ்கோப்புல தொங்குது, எடுக்காதேங்கிறார்" என்று அவன் மனைவி ஷாமளா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மதிலுக்கு மேலே நிலா தெரியணுமே? வேலையிடத்தில் கழித்துப்போட்ட பலகைகளை அடுக்கி வாசலில் ஒரு மேடை கட்டினான். ஸ்டேண்டும் அதன் மேலேதான், அவன் நாற்காலியும் அதன் மேலேதான். விரல் பட்டால் ஆடும் என்று கேமராவைத் தானாகவே எடுக்கும்படி வைத்துவிட்டு, உட்கார்ந்து கைப்பேசியில் படம் வருவதைப் பார்ப்பான்.

வந்ததெல்லாம் மூன்று நிலா.

விஷயம் கோயில் தலைவர் நடராஜா வரைக்கும் போனது. அவருக்கும் அந்தப் படம் வேண்டும். தீமிதி பேனரில், அம்மன் தலைக்குப் பின்னால் வைக்க.

அன்றைக்கே வந்து, காளிதாசன் வாசலிலேயே நின்று தீர்ப்புச் சொன்னார். "காலையில பேனர் அச்சுக்குப் போகுது. இன்னிக்கும் படம் ஆடிச்சுன்னா, இனிமே சாயந்தரத்துல மிஷின் ஓடக் கூடாது புஷ்பவள்ளி. சாமி காரியம்லா."

"இன்னிக்கு மட்டும் ஓட்டிக்கிறேன் தலைவரே. துணி ஊறிப்போச்சு."

"தலைவரு சொல்லியும் ஓட்டுறாங்க பாரு" என்றான் காளிதாசன்.

புஷ்பவள்ளி மதில் மேல் கையை ஊன்றிக்கொண்டு, மேடையில் உட்கார்ந்திருந்த அவனையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய், மூடி போட்ட ஒரு எவர்சில்வர் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"தம்பி, ஒரு உதவி. நாளைக்கு அம்மனுக்குத் தயிர்சாதம் நான்தான் செய்யணும். இப்பதான் பாலுக்கு உறை ஊத்தினேன். என் வீடுதான் அந்த ஆட்டம் ஆடுதே, அங்க வச்சா எப்படி உறையும்? மிஷின் ஓடி முடியுற வரைக்கும் உங்க மடியில வச்சிருங்க."

"அப்படிக் கீழ வைங்களேன்க்கா."

"பூனை வாய் வச்சிடும். மடியில இருந்தா சூடும் கிடைக்கும். அம்மன் தயிர் தம்பி."

அம்மன் பேரைச் சொன்ன பிறகு அவன் என்ன செய்வான்? வாங்கி வைத்துக்கொண்டான்.

"விளிம்பு வரைக்கும் இருக்கு. அசையவே கூடாது."

காளிதாசனுக்கு உட்கார்ந்தால் வலது கால் சும்மா இருக்காது. சாப்பிடும்போதும் ஆடும், டிவி பார்க்கும்போதும் ஆடும். அவன் அம்மா அடித்துப் பார்த்தாள், ஷாமளா கிள்ளிப் பார்த்தாள், நின்றதில்லை. அன்றைக்கு இரண்டு முட்டியையும் சேர்த்து, சட்டியை அணைத்துப் பிடித்துக்கொண்டு, போட்டோ ஸ்டூடியோவில் உட்கார்ந்த மாப்பிள்ளை மாதிரி இருந்தான்.

பக்கத்து வீட்டில் மிஷின் பிழிய ஆரம்பித்தது. கடகடகடவென்று ஒரே சத்தம். கேமரா அது பாட்டுக்கு எடுத்தது.

"ஷாமளா, இங்க வா. ஒரே நிலா."

ஒரே நிலாதான். குழிகுழியாக, சட்டியிலிருந்து இப்போதுதான் எடுத்த ஆப்பம் மாதிரி.

ஷாமளா படத்தைப் பார்த்தாள். மிஷின் சத்தத்தைக் கேட்டாள். அவன் காலைப் பார்த்தாள். வாயைத் திறந்தவள், மதிலுக்கு அந்தப் பக்கம் புஷ்பவள்ளி வேண்டாம் என்று தலையை ஆட்டியதும் மூடிக்கொண்டாள்.

"எல்லாம் நான் போட்ட ரப்பர் செருப்புதான்" என்றான் காளிதாசன். "மிஷின் ஓடட்டும்க்கா. இனிமே லாரியே போனாலும் என் ஸ்டேண்டு அசையாது."

நடராஜாவுக்கும் படம் போனது. "நீ படிச்சிருந்தா எஞ்சினியருடா" என்று பதில் வந்தது. புஷ்பவள்ளி எப்போது வேண்டுமானாலும் துவைத்துக்கொள்ளட்டும் என்றும் சேர்த்து எழுதியிருந்தார்.

"ரப்பரேதான் தம்பி" என்றாள் புஷ்பவள்ளி, சட்டியை வாங்கிக்கொண்டே. "ஆனா உங்க மடி ராசியான மடி. நீங்க படம் எடுக்கிற அன்னிக்கெல்லாம் இனிமே உறை ஊத்திக்கிட்டு வந்திடுறேன்."

"தாராளமா வாங்கக்கா."

புஷ்பவள்ளி வீட்டுக்குப் போனாள். மேசைத்துணிகளை எடுத்து உதறிக் கொடியில் போட்டாள். அப்புறம் அந்தச் சட்டியின் மூடியைத் திறந்து, உள்ளே இருந்த குழாய்த் தண்ணீரைக் கருவேப்பிலைச் செடிக்கு ஊற்றினாள்.